வாசகரை உண்டாக்கிய அச்சகம்



1472ஆம் ஆண்டு ரோம் நகரில் போப் நான்காம் சிக்ஸ்துஸிடம் ஒரு மனு போய்ச் சேர்ந்தது. மனுதாரர்கள் ஜெர்மானிய அச்சுக்காரர்கள் இருவர். ஒருவர் கொன்ராட் ஸ்வைன்ஹைம், மற்றவர் ஆர்னோல்ட் பன்னார்ட்ஸ். அவர்களுக்காக எழுதிக் கொடுத்தவர் அவர்களுடைய பதிப்பாசிரியரும் அலேரியாவின் ஆயருமான ஜொவான்னி அந்த்ரேயா புஸ்ஸி. வீடு நிறைய அச்சடித்த தாள் அடுக்கிக் கிடக்கிறது, உலை வைக்க வழியில்லை, ஆதரிக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். தாங்கள் வெளியிட்ட நூல்கள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை படிகள் அடித்தோம் என்று பட்டியலும் இணைத்திருந்தார்கள். பெரும்பாலான நூல்களில் 275 படிகள். மொத்தக் கணக்கு 12,000 அளவுக்கு வருகிறது.

இத்தாலிக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்தவர்கள் இந்த இருவர்தாம். ரோமுக்குக் கிழக்கே மலைப்பகுதியில் உள்ள சுபியாக்கோவில், சாந்தா ஸ்கொலாஸ்திகா மடத்தில் அவர்கள் அச்சுப்பொறியை நிறுவினார்கள். 1465இல் சிசரோவும் லக்தான்சியுஸும், 1467இல் அகுஸ்தீனின் ‘கடவுளின் நகரம்’. பிறகு ரோமுக்கு வந்து மாஸ்ஸிமி குடும்பத்தாரின் வீட்டில் தொழிலைத் தொடர்ந்தார்கள். லிவி, வெர்ஜில், பிளினி என்று அவர்கள் அச்சிட்டவை அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிய நூல்கள். முன்பு 100 டுகாட் விலை போன நூல் இப்போது 20 டுகாட்டுக்குக் கிடைக்கிறது என்று புஸ்ஸியே ஒரு முன்னுரையில் பெருமையோடு எழுதியிருக்கிறார். நூல் நல்ல நூல். விலையோ ஐந்தில் ஒன்று. அப்படியிருந்தும் அது ஏன் வீட்டிலேயே அடுக்கிக் கிடந்தது?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அச்சு வந்தது, நூல்கள் பெருகின, அறிவு பரவியது என்று பாடப்புத்தகங்கள் மூன்றே அடியில் கதையை முடித்துவிடுகின்றன. நடுவில் ஒரு பெரும் வேலை விடுபட்டுப் போகிறது. அச்சுப்பொறியால் படிகளைப் பெருக்க முடியும், படிப்பவரைப் பெருக்க முடியாது. மறுமலர்ச்சிக் கால மானுடவாதக் கல்வி ஐரோப்பா முழுவதும் பரவியதென்றால், வாசகரை உண்டாக்கும் பொறுப்பையும் சிலர் தம் தொழிலாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

அச்சுக்கு முந்திய நிலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இலக்கணம், சொல்வன்மை, கவிதை, வரலாறு, அறவியல் ஆகிய ஐந்தையும் பண்டைய ஆசிரியர்களின் மூலநூல்களிலிருந்தே கற்க வேண்டும் என்பது மானுடவாதிகளின் கொள்கை. அதற்கு முதலில் மூலநூல் கையில் இருக்க வேண்டும். போஜ்ஜோ பிராச்சொலினி என்ற போப்பின் செயலர் 1416இல் செயின்ட் கால் மடத்தில் குவிந்திலியனின் முழு நூலைக் கண்டெடுத்தார், மறு ஆண்டு லுக்ரீசியஸைக் கண்டெடுத்தார். கண்டெடுத்தவற்றைப் படியெடுத்து, பிழை பார்த்து, அட்டை கட்டி விற்க ஆள் வேண்டுமே. ஃப்ளாரன்ஸில் அந்த ஆள் வெஸ்பாசியானோ தா பிஸ்திச்சி.

இவர் முறையான கல்லூரிக் கல்வி பெற்றவரல்லர். புத்தக வீதியில் ஒரு கடையில் சிறுவனாகச் சேர்ந்தவர். ஆனால் எந்தச் செல்வரின் அலமாரியில் எந்த நூலின் நல்ல பிரதி இருக்கிறது, எந்த எழுத்தர் பிழையில்லாமல் எழுதுவார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கோசிமோ தெ மெதிச்சி ஃபியெசோலே மடத்துக்கு ஒரு நூலகம் வேண்டும் என்றபோது, 45 எழுத்தர்களை அமர்த்தி 22 மாதங்களில் 200 நூல்களை முடித்துக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். உர்பினோ கோமகன் ஃபெதெரிகோவின் நூலகத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நூலகத்தில் எல்லாமே கையால் எழுதியவை, அச்சிட்ட நூல் ஒன்று அங்கே வந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் நிற்க வெட்கப்பட்டிருக்கும் என்ற பொருளில் அவர் எழுதியது பலராலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. காலத்தைப் புரிந்துகொள்ளாதவர் என்று அதைக் காட்டி அவரைக் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் மதித்தது பார்த்துப் பார்த்துத் திருத்திய பிரதியை. தொடக்க கால அச்சு நூல்கள் அந்தத் தரத்தில் இல்லை என்பது உண்மை. ரோமில் புஸ்ஸி பதிப்பித்த பிளினியைப் பார்த்துவிட்டு நிக்கோலோ பெரோத்தி என்ற அறிஞர் 1471இல் வெளிப்படையாகவே புகார் எழுதினார். கையெழுத்துப் பிரதியில் ஒரு பிழை விழுந்தால் அது ஒரு படியில் நிற்கும், அச்சில் விழுந்தால் நூற்றுக்கணக்கான படிகளில் ஒரே நாளில் ஊர் ஊராகப் போய்விடும், ஆகவே திருத்தும் பொறுப்பைத் தகுந்த அறிஞர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் கவலையின் அடிப்படை. வெஸ்பாசியானோவும் பெரோத்தியும் எழுப்பிய ஆட்சேபத்துக்கு அச்சுக்காரர்கள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

ரோமின் அச்சகம் தடுமாறியதற்கு வருவோம். சிசரோவையும் லிவியையும் இலத்தீனில் படிக்கக்கூடியவர்கள் அந்நகரில் எத்தனை பேர்? போப்பின் அலுவலகத்தாரும் சில கர்தினால்களின் இல்லத்தாரும்தான். ஆளுக்கொரு படி வாங்கிவிட்டால் சந்தை முடிந்தது. வெளியூருக்கு அனுப்ப வணிக வழி இல்லை. போட்டியோ வந்துவிட்டது. 1473இல் இருவரும் பிரிந்தார்கள். ஸ்வைன்ஹைம் தாலமியின் புவியியல் நூலுக்குச் செப்புத் தகட்டில் வரைபடம் செதுக்கப் போனார். அது 1478இல் அவர் இறந்த பிறகே வெளிவந்தது. தப்ரபனே என்ற பெயரில் இலங்கையின் படமும் அதில் உண்டு.

வணிக வழி வெனிஸிடம் இருந்தது. 1469இல் அங்கே முதல் அச்சகம் தொடங்கியது. மறு ஆண்டே பிரெஞ்சுக்காரரான நிக்கோலா ஜென்சன் வார்த்த ரோமன் எழுத்து, மானுடவாதிகளின் கையெழுத்தை ஈயத்தில் பிடித்துக் கொண்டுவந்தது. பட்டும் மிளகும் போன கப்பலிலும் கழுதைச் சுமையிலும் தைக்காத தாள்களாகப் புத்தகமும் போனது. அந்நகரில் பிரான்செஸ்கோ தெ மாதீஸ் என்ற புத்தகக் கடைக்காரரின் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. 1484 மே மாதம் முதல் 1488 தொடக்கம் வரை ஒவ்வொரு நாளும் என்ன விற்றது, என்ன விலை என்று எழுதி வைத்திருக்கிறார். 25,000 படிகளுக்கும் மேல். காசு இல்லாதவர்கள் எண்ணெய்க்கும் மதுவுக்கும் மாவுக்கும் பண்டமாற்றாகப் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடையில் நன்றாக ஓடியவற்றில் பள்ளி இலக்கண நூல்களும் வழிபாட்டு நூல்களும் முன்னே நிற்கின்றன. அந்தக் கணக்கேட்டை ஊன்றிப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும். பள்ளிக்கூடம் எதைக் கேட்கிறதோ அது விற்கும். அப்படியானால் கிரேக்கத்தை விற்க வேண்டுமென்றால் முதலில் கிரேக்கப் பள்ளிக்கூடம் வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர் ஒரு பள்ளி ஆசிரியர்தான். ஆல்துஸ் மனூதியுஸ் அச்சுத்தொழிலுக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது. ரோமுக்குத் தெற்கே பாஸ்ஸியானோ என்ற சிற்றூரில் பிறந்தவர். கார்ப்பி நகரத்து இளவரசர்களுக்கு, அதாவது தத்துவ அறிஞர் பீக்கோ தெல்லா மிராந்தோலாவின் சகோதரி மக்களுக்கு, வீட்டு ஆசிரியராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க அந்த வேலையிலேயே சுகமாக இருந்திருக்கலாம். கிரேக்கம் கற்பிக்க நல்ல பாடநூல் இல்லை என்ற குறை அவரை வெனிஸுக்குத் துரத்தியது.

அவர் வெனிஸைத் தேர்ந்ததில் காரணம் இருந்தது. 1453இல் கான்ஸ்தாந்தினோப்பிள் விழுந்த பிறகு கிரேக்க அறிஞர்கள் அந்நகரில் கூடியிருந்தார்கள். கிரீட் தீவு வெனிஸின் ஆட்சியில் இருந்ததால் அங்கிருந்து எழுத்தர்களும் அச்சுக் கோப்பவர்களும் வர முடிந்தது. கர்தினால் பெசாரியோன் 1468இல் தம் நூலகத்தை வெனிஸுக்கே கொடுத்தார். கிரேக்கப் பிரதிகள் மட்டும் 482. அவை பெட்டிகளிலேயே பூட்டிக் கிடந்தன, கட்டடம் எழும்ப அறுபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று என்பது வேதனையான செய்தி. ஆல்துஸின் அச்சகத்துக்கு முதல் போட்டவர்கள் வேறு ஆட்கள். அந்த்ரேயா தொர்ரெசானி தேர்ந்த அச்சுக்காரர், 1493இல் ஆல்துஸின் இலத்தீன் இலக்கணத்தை அடித்தவர். பியெர்பிரான்செஸ்கோ பார்பரிகோ ஆளும் குடும்பத்துப் பிள்ளை. கூட்டு வணிகத்தில் ஆல்துஸுக்கு இருந்தது சிறு பங்குதான். எதை அச்சிடுவது என்ற முடிவு மட்டும் பெரும்பாலும் அவருடையது.

அவர் எதை முதலில் அச்சிட்டார் என்று பாருங்கள். 1495இல் முதல் நூல், கான்ஸ்தாந்தீன் லஸ்காரிஸின் கிரேக்க இலக்கணம். எதிர்ப்பக்கத்தில் இலத்தீன் மொழிபெயர்ப்பு, எழுத்துகளை ஒலிக்கும் முறை பற்றிய சிறு கையேடு. அதே ஆண்டு தியோடர் காஸாவின் இலக்கணம். 1496இல் இலக்கணத் தொகுப்பு ஒன்று. 1497இல் கிரேக்க–இலத்தீன் அகராதி, இலத்தீன் மட்டும் தெரிந்தவருக்கென்று இலத்தீனிலேயே எழுதிய கிரேக்க இலக்கணம். இவற்றோடு இணையாக 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டில் ஐந்து பெருந்தொகுதிகளாக வருகிறது, பழைய மாணவர் ஆல்பெர்த்தோ பியோவுக்குக் காணிக்கையாக. இதை நான் ஒரு வெளியீட்டுப் பட்டியலாகப் பார்ப்பதில்லை. ஓர் ஆசிரியர் ஐரோப்பா முழுவதற்கும் எழுதிய பாடத்திட்டமாகவே பார்க்கிறேன். எழுத்து, இலக்கணம், அகராதி, பிறகு மூலநூல். சில நூல்களில், மொழி கைவந்தவர் இலத்தீன் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துவிட வசதியாகத் தாள்களை அமைத்தார். இந்த ஒரு ஏற்பாட்டிலேயே அந்த ஆசிரிய மனம் முழுவதும் தெரிகிறது.

கிரேக்க எழுத்தை ஈயத்தில் வார்ப்பது லேசான காரியமன்று. ஒவ்வோர் உயிரெழுத்தின் தலையிலும் மூன்று வகை அழுத்தக்குறி, இரண்டு வகை மூச்சுக்குறி, அவை சேரும் சேர்க்கைகள், போதாததற்குக் கூட்டெழுத்துகள். உயிர்மெய்க்கெல்லாம் அறை ஒதுக்கிப் பெரிய கேஸ் வைத்து அச்சுக் கோத்த நம் ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தார் இந்தச் சிரமத்தை உடனே புரிந்துகொள்வார்கள். அதைச் செய்து கொடுத்த கை போலோஞ்ஞாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோவுடையது. எழுத்தாளர் பெம்போவின் எட்னா மலைப் பயணம் பற்றிய 1496ஆம் ஆண்டுச் சிறுநூலுக்கு அவர் வெட்டிய ரோமன் எழுத்தின் சாயல் இன்றும் புத்தகங்களில் வாழ்கிறது. சாய்வெழுத்தும் அவர் கைவேலையே. ஆனால் வெனிஸ் கொடுத்த உரிமை ஆணை முழுவதும் ஆல்துஸ் பெயரில் போனது. மனத்தாங்கலோடு பிரிந்த கிரிஃபோ, ஃபானோ நகரில் யூத அச்சுக்காரரான கெர்ஷோம் சொன்சினோவிடம் சேர்ந்தார். 1503இல் சொன்சினோ அடித்த பெத்ரார்க்காவின் முன்னுரையில், இந்த எழுத்துகளை உண்மையில் உருவாக்கியவர் கிரிஃபோவே என்று எழுதி வைத்தார். அந்த ஒரு முன்னுரை இல்லாவிட்டால் அந்தப் பெயருக்குரிய நீதி நமக்குக் கிடைத்திராது. பிற்காலத்தில் கிரிஃபோ தம் மருமகனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஆவணங்களிலிருந்து மறைந்துபோகிறார்.

1501 ஏப்ரலில் வெர்ஜில் சிறிய வடிவில் வந்தது. தாளை எட்டாக மடித்த அளவு, சாய்வெழுத்து. முக்கியமான மாற்றம் வேறொன்று. உரை இல்லை. அதுவரை வெர்ஜிலை வாங்கினால் நடுவில் நாலு வரி மூலமும் சுற்றிலும் உரையாசிரியர் கூட்டமுமாக ஒரு மேசை நிறையும். ஆல்துஸ் உரையை எடுத்துவிட்டு மூலத்தை மட்டும் கையில் கொடுத்தார். இந்த அளவைத் தாம் பெம்போவின் தந்தையுடைய கையெழுத்துச் சிறுநூல்களிலிருந்து எடுத்ததாக நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஏழைகளுக்கான மலிவுப் பதிப்பு என்று இதைப் புகழ்வது சரியன்று. அது ஏழை வாங்கும் விலையில் இல்லை. வகுப்பறைக்கும் மடத்துக்கும் வெளியே, ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல், தனியே படிக்கத் துணிந்த ஒருவருக்கான பதிப்பு அது. 1513 டிசம்பரில் மாக்கியவெல்லி, பதவி போய்க் கிராமத்தில் இருந்தபோது, காட்டு ஊற்றடிக்குப் போகையில் தாந்தேயையோ பெத்ரார்க்காவையோ திபுல்லஸ், ஒவிட் போன்ற ஒருவரையோ எடுத்துச் செல்வதாக நண்பர் வெத்தோரிக்கு எழுதினார். அப்படி ஒரு வாசகர் பிறந்துவிட்டார். 1502இல் கத்துல்லுஸ் 3,000 படிகள் அடிக்க ஆல்துஸுக்குத் துணிவு வந்தது என்றால், ரோமின் 275ஐ நினைத்துப் பாருங்கள்.

சந்தை இருக்கும் இடத்துக்குத் திருட்டுப் பதிப்பும் வரும். லியோன் நகரத்தார் சாய்வெழுத்து, அளவு எல்லாவற்றையும் பின்பற்றி, பெயரும் ஊரும் போடாமல் அடித்தார்கள். வெனிஸின் ஆணை பிரான்சில் செல்லாது. ஆல்துஸ் 1503 மார்ச்சில் ஓர் எச்சரிக்கைத் தாள் வெளியிட்டார். தாள் மட்டம், ஒருவித வாடை அடிக்கிறது, எழுத்தின் தோற்றம் வேறு என்று அடையாளம் சொல்லி, ஒவ்வொரு நூலிலும் உள்ள பிழைகளை வரிசையாகக் காட்டினார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே தங்கள் அடுத்த பதிப்பைத் திருத்திக்கொண்டார்கள். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் பிழைகளைப் பொதுவில் வரிசையிட்டுக் காட்டுவதே ஒரு நூலின் தகுதிக்குச் சான்று என்ற நிலை அதற்குள் உருவாகிவிட்டது. பெரோத்தியின் ஆட்சேபத்துக்கு அச்சகம் கொடுத்த பதில் இதுதான்.

அந்தப் பதிலை ஆளாகப் பார்க்க வேண்டுமென்றால் மார்க்குஸ் முசூருஸைப் பார்க்க வேண்டும். கிரீட்டிலிருந்து வந்தவர், ஆல்துஸின் முதன்மைப் பதிப்பாசிரியர். 1498இல் அரிஸ்தோஃபனீஸின் ஒன்பது நாடகங்களையும் 1513இல் பிளேட்டோவையும் கொண்டுவந்தவர். 1514இல் ஹெசிக்கியுஸின் கிரேக்கச் சொல்லகராதி. அதற்கு உலகில் இருந்தது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. முசூருஸ் அந்தப் பிரதியிலேயே திருத்தங்களை எழுதி அச்சுக் கோப்பவரிடம் கொடுத்தார். இன்றைய நூலகர் பதறிப்போவார். ஆனால் அச்சேறியதால் அந்த அகராதி பிழைத்தது, அவர் கை பட்ட பிரதியும் வெனிஸ் நூலகத்தில் பிழைத்திருக்கிறது.

வடநாட்டு அறிஞரான எராஸ்முஸ் 1507 அக்டோபரில் போலோஞ்ஞாவிலிருந்து ஆல்துஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் மொழிபெயர்த்த யூரிப்பிடீஸ் நாடகங்களை அந்தச் சின்ன எழுத்தில் அடித்துத் தர வேண்டும் என்று கேட்டார். மறு ஆண்டு வெனிஸுக்கே வந்து தொர்ரெசானி வீட்டில் தங்கினார். அந்த வீட்டுச் சாப்பாட்டின் சிக்கனத்தைப் பிற்காலத்தில் ஓர் உரையாடல் நூலில் கடுமையாகச் சாடினார். ஆனால் அங்கே நடந்த வேலையைப் போல் வேறெங்கும் அவருக்கு நடந்ததில்லை. பாரிஸில் 1500இல் வெளியான அவருடைய பழமொழித் தொகுப்பில் 818 பழமொழிகள். வெனிஸில் அவர் அச்சகத்தின் மூலையில் உட்கார்ந்து எழுத எழுத, மறுபக்கம் அச்சுக் கோத்துக்கொண்டே போனார்கள். 1508 செப்டம்பரில் வெளிவந்தபோது 3,260 பழமொழிகள். ஜானுஸ் லஸ்காரிஸ் (இலக்கணம் எழுதியவர் வேறு), முசூருஸ் போன்ற கிரேக்கர்கள், முன்பின் பழகாத அந்த வடநாட்டவருக்கு வெளிவராத தம் கையெழுத்துப் பிரதிகளை எடுத்து வந்து கொடுத்தார்கள். மெய்ப்பைத் திருத்துபவர் ஒருவர், எராஸ்முஸ் ஒருவர், அதன் பிறகும் ஆல்துஸ் கடைசியாக ஒருமுறை படிப்பார். உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம் என்று எராஸ்முஸ் கேட்டதற்கு, அப்படியே கற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னாராம். அறுபதை நெருங்கும் ஓர் ஆசிரியரின் பதில் அது. இந்த ஒரு செய்திக்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

1509இல் அஞ்ஞாதெல்லோ போரில் வெனிஸ் தோற்றதும் அச்சகத்தை மூடும் நிலை வந்தது. 1512இல்தான் திறந்தார்கள். 1515 பிப்ரவரி 6ஆம் நாள் ஆல்துஸ் காலமானார். சான் பதெர்னியான் தேவாலயத்தில் அவர் உடலைச் சுற்றிப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்ததாக வெனிஸ்காரரான சானுதோ தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அதற்குள் மையம் வடக்கே நகர்ந்துவிட்டது. பாசல் நகரத்து யோஹான் ஃப்ரோபன் 1513இல் எராஸ்முஸின் பழமொழி நூலை அனுமதி கேளாமலே அடித்தார், மறு ஆண்டு எராஸ்முஸே அங்கே வந்து சேர்ந்தார். 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாடு அவசர அவசரமாக வெளிவந்தது. திருவெளிப்பாட்டின் கடைசிச் சில வசனங்களுக்குக் கிரேக்கப் பிரதியில் ஏடு இல்லாததால் எராஸ்முஸ் இலத்தீனிலிருந்து திருப்பி எழுதி நிரப்பினார். அதில் குறை உண்டு. ஆனாலும் அதைப் படித்துக் குறை சொல்லக்கூடிய வாசகர்கள் ஐரோப்பா எங்கும் இருந்தார்கள் என்பது இருபதாண்டுப் பாடத்திட்டத்தின் விளைச்சல்.

அதே ஃப்ரோபன் 1518இல் மறுபதிப்பாக அடித்த இன்னொரு நூல் தாமஸ் மோரின் ‘உட்டோப்பியா’. அதில் வரும் பயணி ஹித்லோடே, கற்பனைத் தீவிலிருந்து திரும்பும் வழியில் தப்ரபனேயை அடைந்து, அங்கிருந்து கோழிக்கோடு வந்து போர்த்துகீசியக் கப்பல் ஏறுகிறார். தீவு மக்களுக்கு அவர் கொடுத்த புத்தக மூட்டையில் பிளேட்டோ பெரும்பகுதி, அரிஸ்டாட்டில் சில, குரங்கு கிழித்துவிட்ட தியோஃப்ராஸ்துஸ், ஆல்துஸின் சின்ன எழுத்தில் சோஃபக்ளீஸ். கூடவே லஸ்காரிஸின் இலக்கணமும் ஹெசிக்கியுஸின் அகராதியும். அம்மக்கள் மூன்றாண்டுக்குள் கிரேக்கத்தில் தேர்ந்துவிடுகிறார்கள். அதன்பின் ஆல்துஸின் தாள்களைத் தடவிப் பார்த்து, காகிதம் செய்யவும் எழுத்தை அச்சடிக்கவும் தாங்களே முயன்று பழகி, கையிலிருந்த நூல்களை ஆயிரக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள்.